வண்டி திரும்பும் இடங்கள்

மே 4

மதிப்பிற்குரிய களைக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

ஓடைப் பாலத்தின் அருகே செடிப் பண்ணை நடத்துபவள் எழுதுவது. தங்கள் அலுவலகத்தின் அறிவிப்பு நேற்று கைக்கு வந்தது. எங்கள் முன்வேலியில் இருப்பது தடைசெய்த களையான உண்ணிச்செடியாம். ஓடைக்கரையில் பதினான்கு இடங்களில் மண்டிக் கிடக்கும் புதர் எங்கள் வேலியிலிருந்து பரவியதாம். விசாரணை முடியும்வரை ஒரு நாற்றுகூட விற்கக்கூடாதாம். குற்றம் உறுதியானால் உரிமம் ரத்தாம். 'கள ஆய்வு செய்தவர்' என்ற இடத்தில் தங்கள் திருக்கையெழுத்து இருக்கிறது.

இதற்கு மேல் இந்த மரியாதை எனக்கு வரவில்லை. தம்பி, என்ன காரியம் செய்தாய்?

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாய். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். கை கழுவப் போனவன் வேலியில் ஒரு கொத்தை ஒடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். "அழகா இருக்கு அண்ணி" என்றாய். நான் ஒரு மடச்சி. யாரோ ஒரு பெண் கிடைத்துவிட்டாள், அவளுக்குத்தான் கொண்டுபோகிறான் என்று உன் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இப்போது அவர் சிரிப்பதில்லை. உன் பெயரை எடுத்தால் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுகிறார். அந்த வண்டி இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மழை தொடங்கும் நேரம் இது. வருடம் முழுவதும் விற்பதில் பாதி இந்த இரண்டு மாதத்தில்தான் போகும். அது உனக்குத் தெரியும். நீ படித்த காலத்தில் விடுமுறைக்கு வந்து பையில் மண் நிரப்பியவன்தானே. எட்டாயிரம் நாற்றுகள் பைக்குள் வேர் சுருண்டு நிற்கின்றன.

போனில் கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். நீ எழுத்தில் கொடுத்தாய், நானும் எழுத்தில்தான் தருவேன். விசாரணை ஜூன் 24 என்று போட்டிருக்கிறது. அதற்குள் பதில் சொல்.

உரிமம் எண் 41-இன் உரிமையாளர்


மே 11

அண்ணி,

உரிமம் எண்ணைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் முழுதாகப் படிக்க முடிந்தது.

வீட்டில் சொல்லாமல் எழுதிக் கொடுத்தது தப்பு. அதற்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிடுங்கியிருப்பீர்கள், அண்ணன் என்னை உட்காரவைத்துப் பேசியிருப்பார், நான் பேனாவை மூடியிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

ஆனால் செடியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் அதை 'மஞ்சள் கொத்து' என்று விற்கிறீர்கள். பெயரை மாற்றினால் செடி மாறாது. தண்டைத் தடவிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும். இலை எதிரெதிராக வரும், மேல்புறம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. கசக்கி முகர்ந்தால் தலைவலி பிடிக்கிற மாதிரி ஒரு வாடை. பூக்கள் ஒரே காம்பின் நுனியில் கொத்தாக வரும். காய் பச்சையாக இருந்து கருத்துப் பழுக்கும், பழத்துக்குள் ஒரே ஒரு கொட்டை. அதைத்தான் குருவிகள் தின்று போகிற இடமெல்லாம் போடுகின்றன. அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும். வெட்டிய கிளை ஈரமண்ணில் கிடந்தால் அதுவும் வேர்விடும். அதன் அடியில் புல்கூட முளைக்காது. ஓடைக்கரையில் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு இடத்தில் இருந்தது, இன்று பதினான்கு. கால்நடைகள் அதைத் தின்று நோய்ப்பட்டிருக்கின்றன. நான் யாரையும் பழிவாங்க எழுதவில்லை.

அந்தப் பதினான்கு இடத்தையும் நானே நடந்து குறித்தேன். அந்த ஓடைக்கரையில் இந்தக் குடும்பத்துச் செடியை வேண்டுமென்று வளர்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். வேறு எங்கே போய்த் தேடுவது, சொல்லுங்கள்.

குறித்த படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அலுவலக விதிப்படி வைக்கக்கூடாது.

அண்ணன் சாப்பிடுகிறாரா?

உங்கள் தம்பி


மே 19

தம்பிக்கு,

சாப்பிடுகிறார். உன்னைவிடக் குறைவாக.

உன் பாடத்தைப் படித்தேன். பாடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வருடமாக நாற்றுப் போடுகிறவளிடம் தண்டு நான்கு பட்டை என்று சொல்லித் தருகிறாயே, உன் தைரியத்தைப் பாராட்ட வேண்டும். என் செடியும் அதுவும் ஒரே குடும்பம் என்று எனக்கும் தெரியும். குடும்பம் ஒன்று என்றால் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்களா? உன் அண்ணனையும் உன்னையும் பார்த்த பிறகுமா இந்தச் சந்தேகம்?

உன் படத்தை எடுத்துக்கொண்டு நேற்று கிளம்பினேன். விற்கத்தானே கூடாது, சுற்றிப் பார்க்கக்கூடாது என்று உத்தரவில்லையே. உன் அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை எடுத்தார். கீழே பாலத்திலிருந்து மேலே பழைய விருந்தினர் மாளிகைவரை பதினான்கு இடத்தையும் பார்த்தோம். முழங்கை முழுக்கக் கீறல்.

கீறல் ஏன் வந்தது என்று யோசித்தாயா? அங்கே இருப்பதில் கொக்கி முள். என் வேலியில் குழந்தைகள் கையை விட்டுப் பூப்பறிக்கும். அங்கே பூ மஞ்சளாக விரிந்து ரோஸாக மாறுகிறது. ஒரே கொத்தில் இரண்டு நிறம். என்னுடையது மஞ்சளாகவே இருந்து மஞ்சளாகவே உதிரும். நீ சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனது வெறும் பூக்கொத்து. ஐந்து மணிநேரப் பேருந்தில் வாடி, நிறம் செத்து, எந்த லட்சணத்தில் உன் மேசைக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் காகிதத்தில் அமுக்கி ஒட்டி, பெயர் எழுதினாய்.

இன்னொன்று. குருவி போட்டது என்றால் கன்று எங்கே முளைக்கும்? குருவி உட்காருகிற இடத்தில். மரத்தடியில், கம்பிக்கு அடியில், வேலிக்கம்பத்துக்குக் கீழே. என் பண்ணையில் வேண்டாத கன்றுகளை நான் அங்கேதான் தேடிப் பிடுங்குவேன். உன் பதினான்கில் ஒன்றுகூட மரத்தடியில் இல்லை. எல்லாம் வெட்டவெளியில், கரையை ஒட்டி, சாலை கொஞ்சம் அகலமாகிற இடத்தில்.

நான் இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் அண்ணன் காலையிலிருந்து பேசிய ஒரே வார்த்தையைப் பேசினார். ஆறாவது இடம் என்று நினைக்கிறேன். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சுற்றிப் பார்த்தார். "இது எல்லாமே பெரிய வண்டி திரும்புற இடமாச்சே" என்றார்.

அவ்வளவுதான்.

அந்தச் சாலையில் எங்கள் வண்டியைவிடப் பெரிய வண்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. எந்த வண்டி, தம்பி? உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா?

அண்ணி


மே 25

அண்ணி,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிட்ட விவரங்களை விசாரணையின்போது தாங்களே தெரிவிக்கலாம். பூவின் நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வண்டி பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது.

தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

'தாங்கள்' என்றால் என்ன அர்த்தம்? நான் கல்யாணமாகி வந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. முதல் வாரமே என் பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டு, எடுக்கவில்லை என்று சாதித்தவன். அன்றும் இப்படித்தான், திடீரென்று 'வாங்க, போங்க, சொல்லுங்க' என்று மரியாதை கூடிவிட்டது. அதிலேயே பிடிபட்டாய்.

உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போது கோபம் இல்லை, பயமாக இருக்கிறது. கோபமாக இருந்தபோது நன்றாகத் தூங்கினேன்.

பைகளில் வேர் வெளியே வந்துவிட்டது. ஆயிரம் நாற்றுக்கு மேல் பெரிய பைக்கு மாற்றினேன். மீதி செத்தால் சாகட்டும். நீ எழுது.

அண்ணி


ஜூன் 9

அண்ணி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்தேன். இது ஐந்தாவது. எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது எங்கள் வண்டி.

புதர் வெட்டும் இயந்திரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டிராக்டரைவிடப் பெரிது, அடியில் பிளேடு சுழலும். அதை ட்ரெய்லரில் ஏற்றி இடத்துக்கு இடம் கொண்டுபோவோம். ட்ரெய்லர் திரும்ப இடமிருந்தால்தான் அதை இறக்க முடியும். அண்ணன் சொன்ன வார்த்தை போதுமாக இருந்தது. படித்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உங்களுக்கு அந்த 'தாங்கள்' கடிதத்தை எழுதினேன்.

பிறகு பழைய தினப்பதிவுத் தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு, பழைய விருந்தினர் மாளிகைத் தோட்டத்தில் உண்ணிச்செடி மண்டியிருந்தது. யாரோ எப்போதோ அழகுக்கு வைத்தது. மேற்பார்வையாளர் ஆனதும் நான் செய்த முதல் வேலை அதை வெட்டியது. இரண்டு நாளில் முடித்தோம். அலுவலகச் சுவரில் இன்னும் அந்தப் படம் மாட்டியிருக்கிறது, நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கிருந்து இயந்திரம் எந்தெந்த இடத்துக்குப் போனது என்று தேதிவாரியாக எழுதினேன். பக்கத்தில் என் படத்தை வைத்தேன். பதிவுத் தாளில் முதலில் வரும் இடத்தில் புதர் ஆள் உயரம். அடுத்ததில் மார்பளவு. கடைசியாகப் போன இடத்தில் கன்று முழங்கால்கூட இல்லை. பதினான்கும் அப்படியே வரிசையாக வந்தன அண்ணி, ஒன்றுகூடத் தப்பவில்லை. உங்கள் வேலிப்பக்கம் இருக்கும் கன்றுதான் எல்லாவற்றிலும் சின்னது. உங்களிடமிருந்து பரவியிருந்தால் அதுதானே பெரியதாக இருக்க வேண்டும்? நானே அளந்து எழுதிய உயரம். அளந்தேன், ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

டயர் சேற்றில் கொட்டையும், பிளேடு இடுக்கில் கிளைத்துண்டும். ஒவ்வொரு இடத்திலும் வேறு களையை வெட்டப் போய், இதை விதைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. பதிவுத் தாளில் கடைசிக் கட்டம் 'இயந்திரம் கழுவப்பட்டது'. ஒவ்வொரு நாளும் அதில் டிக் அடித்தவன் நான். ஒரு நாளும் கழுவியதில்லை. அந்தச் சாலையில் எங்கும் குழாய்த் தண்ணீர் கிடையாது, கழுவ வேண்டுமென்றால் ஓடைக்குள் இறக்க வேண்டும், மூன்று மணிநேரம் போகும். வண்டி ஓட்டுநரை நாங்கள் எல்லோரும் கிளட்ச் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே அவர் கேட்டார், "சார், கழுவிட்டுப் போவமா?" நான்தான் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

நேற்று கண்காணிப்பாளரிடம் போய் வாயால் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "ஓட்டுநர் கழுவலன்னு எழுதுங்க. தற்காலிக ஆளு, அவருக்கு வேற வேலை கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்குமா?" என்றார். கெட்டவர் இல்லை அண்ணி. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். உண்மையைச் சொல்கிறேன், வெளியே வந்து ஒரு டீ குடித்து முடிக்கும்வரை நானும் அதை யோசித்தேன்.

உள்ளதை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால் இந்த வேலை இருக்காது, இருந்தாலும் இந்தப் பதவி இருக்காது. கொடுக்கவில்லை என்றால் உங்கள் கேட் மூடியே இருக்கும். கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. என்ன செய்யட்டும், நீங்கள் சொல்லுங்கள்.

தம்பி


ஜூன் 15

தம்பி,

என்னைக் கேட்காதே. நான் என்ன சொன்னாலும் அது எனக்குச் சாதகமாகத்தான் இருக்கும். கொடு என்றால் பண்ணைக்காகச் சொன்னதாகிவிடும். கொடுக்காதே என்றால் பொய், மனதுக்குள் கொடு என்றுதான் வேண்டிக்கொள்வேன். இதை என் தலையில் கட்டாதே.

கடிதத்தை உன் அண்ணன் எதிரில் சத்தமாகப் படித்தேன். கேட்காத மாதிரிக் கேட்டார். கிளட்சைப் பற்றி வந்த இடத்தில் எழுந்து வாசலுக்குப் போனார். தோளைப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த மறுநாள், இனி நம் பக்கம்தான் நியாயம் என்ற தெம்பில் வேலியைக் கத்தரிக்கப் போனேன். என் செடி காய்க்காது என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லித்தான் விற்றிருக்கிறேன், வாங்கி வந்த இடத்தில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். உட்பக்கம், வெயில் படாத மூலையில், நான்கு பழம். கருப்பாக, பளபளவென்று. இலையை விலக்கிப் பார்த்தேன். பழுத்ததுதானா என்று இன்னொரு தடவை பார்த்தேன். வேலி வைத்த பதினைந்து வருடத்தில் இல்லாதது இப்போது எப்படி வந்தது? பக்கத்தில் முளைத்த உங்கள் கன்று பூவிட்டிருக்கிறது, அதன் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்து சேர்த்திருக்கும். ஆரம்பித்தது உங்கள் வண்டிதான், ஆனால் இனிமேல் என் வேலி வெறும் அழகு என்று என்னால் சொல்ல முடியாது.

யாரும் பார்க்கவில்லை. நசுக்கி அடுப்பில் போட்டிருந்தால் முடிந்தது. ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், நீ டீக் குடித்த நேரம் மாதிரி. பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினேன். விசாரணைக்குக் கொண்டுபோகிறேன்.

உன்னைக் கெட்டிக்காரத்தனமாக மாட்டிவிட இதை எழுதவில்லை. எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணி


ஜூன் 22, மாலை

அண்ணி,

கொடுத்துவிட்டேன்.

விசாரணை அதிகாரி முழுதாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கழுவலன்னு தெரிஞ்சே டிக் போட்டீங்களா?" என்று கேட்டார். "தெரிஞ்சேதான் சார்" என்றேன். "எத்தனை நாள்?" என்றார். எண்ணி வைத்திருந்தேன், இருநூற்றுப் பதினேழு. அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். ஓட்டுநரைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா என்றார். அவர் முதல் நாளே கேட்டார், வேண்டாம் என்றது நான், அதையும் எழுதியிருக்கிறேன், மூன்றாம் பக்கம் என்றேன்.

மேற்பார்வையாளர் பதவி போனது. வேலை போகவில்லை. அடுத்த திங்கள் முதல் வாகனக் கொட்டகையில் இருக்க வேண்டும். எந்த இயந்திரமும் கழுவாமல் வெளியே போகக்கூடாது என்று புது விதி, கழுவுவது நான். தண்ணீர்க் குழாய் இருக்கிறது, தண்ணீர் வரும் வேகம் போதாது. பதினான்கு இடத்தையும் இனி கையால் வேரோடு தோண்டப் போகிறார்கள்.

கிளட்ச் நான் வெளியே வரும்வரை காத்திருந்தார். நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன். "உங்களால என் வண்டிக்குக் கெட்ட பேரு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவரில் இருந்த படத்தை யாரும் கழற்றவில்லை. நானே கழற்றினேன்.

நாளை மறுநாள் உங்கள் விசாரணை. குப்பியைக் கொண்டுபோகாதீர்கள் என்று எழுத நினைத்தேன். எழுதி அடித்துவிட்டேன். கொண்டுபோங்கள்.

அண்ணன் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

தம்பி


ஜூலை 3

தம்பி,

கேட்டைத் திறந்துவிட்டோம். குப்பியை மேசையில் வைத்ததும் அதிகாரி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார். பாராட்டா நக்கலா என்று இன்றுவரை பிடிபடவில்லை. மற்ற நாற்றுகளை விற்கலாம், மஞ்சள் கொத்தை இனி வளர்க்கவோ விற்கவோ கூடாது, வாங்கிப்போனவர்களுக்குச் சொல்லிப் பிடுங்கவைக்க வேண்டும் என்று உத்தரவு. நாற்பத்தாறு வீடு. முப்பது வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு அம்மாள் கதவைச் சாத்திவிட்டாள். மழைக்கால விற்பனையில் பாதி போய்விட்டது, மீதி பாதியைப் பிடித்துவிடுவோம்.

வேலியைத் தோண்டியது உன் அண்ணன்தான். வேலையாட்களை விடவில்லை. மூன்று நாள், ஒரு வேர் மிச்சமில்லாமல். இப்போது சாலையிலிருந்து பார்த்தால் வீட்டின் அடுப்படிவரை தெரிகிறது, எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் என்ன சொன்னார் என்று கேட்டாய். உன் ஜூன் 22 கடிதத்தைப் படித்துக் காட்டியபோது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. இன்று காலை நான் காப்பி கலந்துகொண்டிருக்கும்போது பின்கட்டில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பண்ணையின் பெரிய தண்ணீர் பம்பைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். எங்கே என்றேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அவன் டயரை மட்டும்தான் கழுவுவான். பிளேடுக்கு அடியில குனிஞ்சு பார்க்க மாட்டான். சின்ன வயசுலேயிருந்தே குனிய மாட்டான்."

ஐந்து மணிநேரம் ஓட்ட வேண்டும் என்றேன். "ஓட்டுறேன்" என்றார்.

அவசரமாக எழுதுகிறேன், வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. தபால்தலை ஒட்டவில்லை, அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அப்படியென்றால் நீ இதைப் படிக்கும் இந்த நேரத்தில் அவர் உன் எதிரில்தான் நிற்பார். டயரையோ கூரையையோ பார்த்துக்கொண்டு நிற்பார். பேச்சை அவர் ஆரம்பிப்பார் என்று காத்திருக்காதே, அது நடக்காது. கடிதத்தை இன்னொரு தடவை படிக்கிற மாதிரி நடிக்காதே. மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார். "சாப்டியாண்ணே?" என்று கேள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் கிளம்புகிறார்.

அண்ணி